நான் எழுதிக் கொடுத்த மன்னிப்பு

தம்பி,

நேற்றுக் காலை தோட்டத்து ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனேன். அங்கே ஒரு பொலிஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். என் பெயரைக் கேட்டு, ஒரு தாளை நீட்டி, இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறீங்களா சேர் என்றும் கேட்டேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் தாளைப் பிரித்தேன். அடுத்த மாதம் பதுளை நீதவான் நீதிமன்றத்தில் உன் வழக்கு எடுக்கப்படும் நாளில் நானும் வர வேண்டுமாம், சாட்சியாக. உன் பக்கத்துச் சாட்சி இல்லை, பொலிஸ் பக்கத்துச் சாட்சி. பெற்ற மகனுக்கு எதிராகக் கூண்டில் ஏறச் சொல்லும் தாளைக் கொண்டுவந்து கொடுத்தவருக்குத்தான் உன் அப்பன் தேத்தண்ணி கொடுக்கப் பார்த்திருக்கிறான்.

ஐந்து மாதமாக நீ என்னிடம் பேசுவதில்லை. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, வேன் ஓட்டும் எல்லயிலிருந்து வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறாய். உன் செருப்பு ஈரம் வாசலில் காயாமல் இருக்கும்போது நான் வந்து சேர்ந்த நாளும் உண்டு. உன்னைக் குறை சொல்ல வரவில்லை. ஃபோனில் அழைத்தால் எடுக்கமாட்டாய், எடுத்தாலும் எனக்குப் பேச வராது. எழுத்து மட்டும் எனக்குச் சரளமாக வரும். அந்தச் சரளம்தான் இன்று உன்னை வழக்கில் நிறுத்தியிருக்கிறது. இருந்தாலும் என்னிடம் வேறு கருவி இல்லை. இதைத் தங்கச்சி சத்யா கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்த பிறகு வேன் ஸ்டாண்டில் உன் கூட்டாளிகளிடமும் காட்டு. எனக்கு வெட்கம் எல்லாம் போய்விட்டது. அவர்கள் தங்கள் அப்பாமாரிடமும் கொடுக்கட்டும், அந்த ஆட்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எத்தனை பேருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று உனக்கு ஓரளவு தெரியும். தோட்டத்தில் யாருக்காவது வேலை நிறுத்திவிட்டார்கள் என்றால், அந்த ஆள் நேரே வருவது நம் வீட்டுக்குத்தான். கணக்கப்பிள்ளையோடு வாய்த்தகராறு, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தது, விறகு வெட்டியது, எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றே ஒன்று. ஒரு கோடு போட்ட தாள், அதில் என் கையெழுத்தில் தோட்டத்து மேலாளர் துரைக்கு ஒரு மன்னிப்பு. நான் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் தட்டில் வேலை செய்தவன், பத்தாம் வகுப்பு தாண்டாதவன், ஆனால் எழுத்து மணிமணியாக இருக்கும். அதைப் பார்த்து ஒரு துரை, "இது யார் எழுதியது?" என்று கேட்டாராம். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாக் கடிதமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். முதலில் வணக்கம். பிறகு, தங்கள் கடமைக்கு இடையூறு விளைவித்தமைக்காக மனம் வருந்துகிறேன் என்று ஒரு வரி. அடுத்தது குடும்பக் கஷ்டம், பிள்ளைகள் எத்தனை என்ற விவரம். கடைசியில், இனிமேல் இவ்வாறு நடக்கமாட்டாது என உறுதியளிக்கிறேன். அந்தக் கடைசி வரி இல்லாமல் எந்தக் கடிதமும் என் கையை விட்டுப் போனதில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் துரை நாளைக்கு வேலைக்கு வரச்சொல்லுவார் என்பது என் நம்பிக்கை.

தவறு செய்தவன் யார், செய்யாதவன் யார் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. வந்தவருக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. உன் அம்மாவுக்கே அப்படி ஒன்று எழுதினேன். நீ அப்போது நாலாம் வகுப்பு. ஏழாம் நம்பர் மலையில் வாகைமரத்தில் குளவிக்கூடு தொங்குகிறது, அங்கே கொழுந்து எடுக்கப் போகமாட்டோம் என்று அம்மா சொல்லிவிட்டாள். கூட இருந்த பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளைக்கு ஆத்திரம், அம்மாவுக்கு மட்டும் வேலை நின்றது. கூடு இருந்தது உண்மை, ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். நானே பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, கடமைக்கு இடையூறு விளைவித்தமைக்காக என்று எழுதினேன். அம்மா கையெழுத்து வைக்க மறுத்தாள். அவள் தூங்கின பிறகு நானே அவள் பெயரைப் போட்டேன். மறுநாள் வேலை கிடைத்தது. அவள் போனாள், ஆனால் அந்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எழுதுறதுக்கு முன்னாடி ஒருதரம் எங்கிட்ட கேட்டீங்களா?"

"ஒனக்குத்தானே புள்ள எழுதினேன். வேலை கெடச்சிருச்சில்ல?"

"வேலை கெடச்சிச்சு. நான் பொய் சொன்னவளா ஆயிட்டேன்ல?"

நான் சாப்பிட்டு எழுந்தேன். அன்றைக்கு அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை.

நீ வேன் ஓட்ட ஆரம்பித்த மறுவருஷம் பண்டாரவளையில் சாரதிமாருக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, சட்டத்தரணிகள் வந்து சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று போனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை விட்டுவிட்டுப் போனாய் என்று எனக்கு எரிச்சல். வந்ததும் ஒரு பாதித் தாளில் நுணுக்கி நுணுக்கி எழுதி, வேனின் முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டில் செருகி வைத்தாய். நான் அதை எடுத்துப் படித்துப் பார்த்துச் சிரித்தேன். "இதையெல்லாம் வாசிச்சுக் காட்டுறதுக்குள்ள ஒன்ன ஜீப்புல ஏத்திருவான்டா" என்றேன். நீயும் சிரித்தாய். "வாசிச்சுக் காட்ட இல்லப்பா, எனக்கு ஞாபகத்துக்கு" என்றாய். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. சத்யா எடுத்து வைத்திருந்தாள். எனக்கு இப்போது அது மனப்பாடம். காலம் கடந்த மனப்பாடம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

லைசன், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் கேட்டால் காட்ட வேண்டும், அதில் வாக்குவாதம் வேண்டாம் என்று முதலில் எழுதியிருக்கிறாய். நான் நினைத்திருந்தது, உரிமை பேசுகிறவன் எதையும் காட்டமாட்டான் என்று. சீருடை இல்லாமல் ஒருவர் நிறுத்தினால் அவருடைய அடையாள அட்டையைக் கேட்கலாம். ஏன் நிறுத்தினார்கள், நான் செய்த பிழை என்ன என்று கேட்கலாம், கேட்பது குற்றமில்லை. லைசனை எடுத்துக்கொண்டு போனால் அதற்குப் பதிலாக எழுதிய தாள் ஒன்று தர வேண்டும், அது இல்லாமல் வண்டியை நகர்த்தாதே. வண்டியைச் சோதித்தால் மறிக்காதே, ஆனால் தள்ளிப் போகாதே, பக்கத்தில் நின்று கையைப் பார். பெண்களை உடலில் தொட்டுச் சோதிப்பது பெண் பொலிஸ் மட்டும். இந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். கைது செய்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும், ஒரு நாளுக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். வாக்குமூலத்தை உனக்குப் புரிகிற மொழியில் கொடு, வாசித்துக் காட்டச் சொல், நடந்ததை மட்டும் சொல். கடைசியில், குரலை உயர்த்தாதே என்று எழுதி அதற்கும் ஒரு கோடு. உன் தாளில் இருந்த ஒவ்வொன்றையும் நீ அன்றைக்கு அப்படியே செய்தாய், தம்பி. நான்தான் ஒவ்வொன்றாக உடைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அது. சத்யாவுக்குப் பதுளையில் முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சி, எனக்குக் கண் கிளினிக், உன் வேனில்தான் போனோம். லுணுகலை தாண்டி எந்த வளைவில் மறித்தார்கள் என்பது உனக்குத் தெரியும், ஊர்ப் பெயரை எழுதவில்லை. இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள், ஒருவர் வயதானவர், ஒருவர் உன் வயசு. காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. நீ ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பத்திரங்களை நீட்டினாய். வயதானவர் பார்த்தார், எல்லாம் சரி. பிறகு அந்த இளையவர் வேன் எல்ல வேனா என்று கேட்டார். ஆமாம் என்றாய். வெள்ளைக்காரர் வந்து போகும் எல்லயில் ஓடுகிற வண்டியில் போதைத் தூள் இருக்கும், எல்லாரும் இறங்குங்கள், சோதிக்க வேண்டும் என்றார். நீ சிங்களத்தில் நிதானமாகத்தான் பதில் சொன்னாய். வண்டியைச் சோதியுங்கள் சேர், நான் பக்கத்தில் நிற்கிறேன், என்ன சந்தேகம் என்று மட்டும் சொல்லுங்கள். தங்கச்சியைச் சோதிக்க வேண்டுமென்றால் பெண் பொலிஸ் வரட்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்கே வருகிறோம். இவ்வளவுதான் நீ சொன்னது. ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை.

இப்போது நான் எழுதப் போவதை இதுவரை உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லவில்லை. நீ அப்போது இளையவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது. நான் பக்கத்துச் சீட்டில் இருந்ததால் பார்த்தேன். அந்த வயதானவர் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். ஸ்டேஷனுக்குப் பேசி, பெண் கான்ஸ்டபிள் யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். சிங்களம் அந்த அளவுக்கு எனக்குப் புரியும். நீ கேட்டது நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு பத்து நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். என்னால் உட்கார முடியவில்லை. நீ சீட்டில் இருந்தபடி பேசுகிறாய், அவர் நின்றுகொண்டு கேட்கிறார், அது என் கண்ணுக்குத் தாங்கவில்லை.

"டேய், எறங்குடா. ஒக்காந்துக்கிட்டே பதில் சொல்றியா?" என்று கத்தினேன். நீ இறங்கவில்லை. நான் இறங்கினேன். கழுத்தில் கிடந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று எனக்கே தெரியாது. "சேர், சின்னப் பய சேர், தெரியாமப் பேசிட்டான், மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட்டேன். வயதானவர் என்னைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், பேச்சை நிறுத்தி ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பனே மன்னிப்புக் கேட்கிறான் என்றால் பெண் பொலிஸ் எதற்கு? இளையவர் சிரித்தார். சத்யாவை இறங்கச் சொன்னார். அவள் இறங்காமல் உன்னைப் பார்த்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். "ஒண்ணுமில்லம்மா, கையத் தூக்கிட்டு நில்லு, ரெண்டு நிமிஷம்" என்றேன். பெற்ற மகளிடம் என் வாயால் அதைச் சொன்னேன். அவர் அவளுடைய கோட்டுப் பையில் கையை விட்டார், அதன் பிறகு இடுப்பில் தட்டிப் பார்த்தார். சத்யா தலையைத் திருப்பி மேல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நீ இறங்கி வந்தாய். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவளுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாய். அவர் தள்ளினார், நீ வேனில் மோதினாய், திரும்பவும் வந்து அதே இடத்தில் நின்றாய். கையை எடுக்கவே இல்லை. நீ தள்ளினாய் என்று அவர்கள் சொல்வது பொய். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேனில் சீட்டுக்கு அடியெல்லாம் தேடினார்கள், ஒன்றும் இல்லை. ஆனாலும் உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நானும் சத்யாவும் ஒரு ஓட்டோ பிடித்துப் பின்னால் வந்தோம். ஸ்டேஷனில் ஒரு சார்ஜன் இருந்தார், நல்ல மனிதர், தமிழ் பேசினார். அவர் என்னை உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"பயப்படாதீங்க ஐயா. நடந்தத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதலாம், பிரச்சின இல்ல" என்றார்.

நன்றாகக் கவனி, தம்பி. நடந்ததை எழுதச் சொன்னார். என் மொழியில் எழுதச் சொன்னார். நம் ஆட்கள் எத்தனை பேர் புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்து மாட்டிக்கொண்டார்கள் என்று அந்த வகுப்பில் சொன்னதாக நீ சொல்லியிருக்கிறாய். எனக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. மேசை கொடுத்தார்கள், பேனா கொடுத்தார்கள், யாரும் மிரட்டவில்லை. நான் நடந்ததை எழுதவில்லை. மன்னிப்பு எழுதினேன். தோட்டத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும், இங்கேயும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கை தானாக ஓடியது. எனது மகன் பொலிஸ் உத்தியோகத்தர்களின் கடமைக்கு இடையூறு விளைவித்தமைக்காக மனம் வருந்துகிறேன். அவன் இளவயதினன், கோபக்காரன். குடும்பக் கஷ்டத்தையும் எழுதினேன். இனிமேல் இவ்வாறு நடக்கமாட்டாது என உறுதியளிக்கிறேன். எழுதி முடித்து ஒருமுறை தூரத்தில் பிடித்துப் பார்த்தேன், கண் சரியில்லாவிட்டாலும் வரி கோணவில்லை என்று ஒரு திருப்தி வேறு. சார்ஜன் வாசித்துக் காட்டினார். "இதுதான் நடந்ததா ஐயா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவர் இன்னொருமுறை கேட்டார், அதற்கும் ஆமாங்க என்றேன். சத்யா கதவுப் பக்கமிருந்து, "என்னப்பா எழுதினீங்க?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, விட்டுருவாங்க" என்றேன்.

சாயந்திரம் பிணையில் விட்டார்கள். நான் என் கடிதத்தால்தான் விட்டார்கள் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டு நாள் அந்தப் பெருமையோடு திரிந்தேன். நீ எவ்வளவோ அமைதியாக, "என்னதாம்பா எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டபோது, ஒரு வரி விடாமல் ஒப்பித்துக் காட்டினேன். உன் முகம் அப்போது எப்படி ஆனது என்பது எனக்கு மறக்காது. நீ கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பையில் இரண்டு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு எல்லக்குப் போனாய். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, பல வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். எழுதுவதற்கு முன்னால் அவனிடம் ஒருதரம் கேட்டீர்களா என்று.

வெளிநாட்டில் பஸ் ஓட்டும் வேலைக்கு நீ பரீட்சை பாஸ் பண்ணி, மருத்துவச் சோதனையும் முடித்து, பொலிஸ் நற்சான்று ஒன்றுக்காக மட்டும் காத்திருந்தாய். வழக்கு முடியாமல் அது வராது என்று சொல்லிவிட்டார்கள். வழக்கில் குற்றவாளி என்று தீர்ந்தால் பிறகு எப்போதும் வராது. உன்னோடு பரீட்சை எழுதிய மொனராகலைப் பையன் போய்ச் சேர்ந்து, பஸ்ஸுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறானாம், சத்யா சொன்னாள். அந்தச் சீட்டில் நீ உட்கார்ந்திருக்க வேண்டியது. உனக்குக் குறுக்கே நின்றது அந்த இளைய பொலிஸ்காரர் மட்டும் இல்லை. அவருக்கு வழி விட்டவன் நான்.

ஏன் இப்படி என்று நீ கேட்டால் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அது சாக்காகப் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. யுத்த காலத்தில் நான் உன் வயதில் இருந்தேன். பதுளைக்குப் போய் வருவதற்குள் பஸ்ஸிலிருந்து இரண்டு தரம், மூன்று தரம் சோதனைக்கு இறக்குவார்கள். அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். என்னோடு ஃபெக்டரியில் வேலை செய்த ஒருவன் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டான். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், வீடு திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்தவன் யாரோடும் பேசவில்லை. அன்றிலிருந்து, கூப்பிடுவதற்கு முன்னால் இறங்கிவிடுவது, கேட்பதற்கு முன்னால் கும்பிட்டுவிடுவது என்று நான் வைத்துக்கொண்டேன். அதில் நான் தப்பினேன், உண்மைதான். என்னைத் தப்பவைத்தது உன்னையும் தப்பவைக்கும் என்று நம்பினேன். நீ என்னைப்போல் கும்பிடாமல் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை, தம்பி. நடுக்கம்.

அழைப்பாணை வந்த கையோடு பதுளைக்குப் போய் உன் வழக்கைப் பார்க்கும் சட்டத்தரணி அம்மாவைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், உனக்குத் தெரியும், நறுக்கென்று பேசுவார். அன்றைக்குக் கண்டதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"இந்த வழக்கில பொலிஸிட்டப் பெரிசா ஒண்டும் இல்லை ஐயா. வாகனத்தில ஒண்டும் எடுக்கேல்லை. அவை ரெண்டு பேர் சொல்லுறதும் ஒண்டோட ஒண்டு பொருந்தேல்லை. இருக்கிறது உங்கட கடிதம்தான். அதைக் காட்டி, இது உங்கட கையெழுத்தோ எண்டு கேப்பினம். ஓம் எண்டு சொல்லுங்கோ. பிறகு, இதில எழுதினது உண்மையோ எண்டு கேப்பினம். அப்ப என்ன சொல்லுவீங்கள்?"

பதிலையும் அவரே சொல்லிக் கொடுத்தார். உண்மையில்லை, பயத்தில் எழுதினேன், நான் கண்டது இதுதான் என்று சொல்லி, ஃபோனை எடுத்ததிலிருந்து கோட்டுப் பை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றார். சரி, சொல்லிப் பாருங்கள் என்று மேசைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று, அதட்டும் குரலில் கேட்டார். உங்கட மகன் பொலிஸுக்கு இடையூறு செய்தவர்தானே? "ஆமாங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இன்னொருமுறை என்றார். திரும்பக் கேட்டார். திரும்பவும் அதேதான் வந்தது. மூன்றாவது தரம் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன், தலை ஆடிவிட்டது.

"நீங்கள் எல்லாத்துக்கும் ஆமாங்க எண்டு சொல்லுறீங்கள் ஐயா. இப்பிடிச் சொன்னா உங்கட மகனை நான் எப்பிடிக் காப்பாத்திறது?"

அவர் திட்டவில்லை, உண்மையாகவே என்னிடம் கேட்டார். வீட்டில் அம்மாவை எதிரில் உட்காரவைத்துப் பழகுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதுளை டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, ஜங்ஷனில் இறங்கி, தோட்டத்துக்கு ஓட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இல்லைங்க. அவன் இடையூறு செய்யலைங்க. நான் பக்கத்துல நின்னேன், பாத்தேன். ஆளில்லாத பின்சீட்டில் நன்றாகத்தான் வந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் பொலிஸார் ஓட்டோவை மறித்தார்கள். ஓட்டுகிற பையனிடம் லைசனைக் கேட்டார்கள், அவன் உட்கார்ந்தபடியே எடுத்துக் கொடுத்தான். என்னை யாரும் பார்க்கவில்லை, என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. லைசனைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போன பொலிஸ்காரர் நிமிர்ந்து பார்த்தால், நான் ரோட்டில் நிற்கிறேன். துண்டு கையில் இருக்கிறது. அடையாள அட்டை நெஞ்சுக்கு நேரே இருக்கிறது.

"நீங்க ஏன் ஐயா எறங்கினீங்க? ஏறுங்க, ஏறுங்க" என்று அவர் சிரித்தார். ஓட்டோப் பையனும் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

அது நேற்றுச் சாயந்திரம். இன்று காலையிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்குப் புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன், பார்த்தால் உனக்குத் தெரியாத எதுவும் என்னிடம் இல்லை. ஒன்றே ஒன்று சொல்லலாம். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது யார் முன்னாலாவது உட்கார்ந்தபடி நியாயம் பேசும்போது, உனக்கு உள்ளுக்குள் நடுங்கினாலும், பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திரு. அதற்காக மன்னிப்புக் கேட்டுவிடாதே. சத்யாவிடம் நான் நேரில் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது. அவள் இந்தத் தாளைப் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

வழக்கு நாளில் நீ எனக்கு எதிரில் நிற்பாய். என் பெயரைக் கூப்பிடுவார்கள், அந்தத் தாளைக் காட்டுவார்கள். அம்மா முன்வரிசையில் உட்காருகிறேன் என்கிறாள். என்னைப் பார்த்து முறைக்கவும் சம்மதம் என்கிறாள். நானும் தினமும் சொல்லிப் பழகுவேன், இது சத்தியம். ஆனால் அந்த இடத்தில், அந்தக் குரல் கேட்கும்போது, இந்த வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. பிறருக்காக நான் எழுதிய கடிதங்கள் எத்தனையோ, எனக்காக எழுதும் முதல் மன்னிப்பு இது. எல்லாம் எழுதிவிட்டேன். இனிமேல் இவ்வாறு நடக்கமாட்டாது என்ற அந்தக் கடைசி வரி மட்டும் பாக்கி. காலையிலிருந்து மூன்று தரம் பேனாவை வைத்துப் பார்த்துவிட்டேன், என்னால் அதை எழுத முடியவில்லை.

அப்பா